கால் அணா செம்புக் காசு: எடைக்குப் போடலாமா?

கேள்வி (அம்பாசமுத்திரம்): கால் அணாக் காசு ஒரு டப்பா நிறைய இருக்கு, 1835, 1862, 1919 எல்லாம் கலந்து. பாத்திரக் கடைக்காரர் செம்பு விலைக்குக் கேக்காரு. போடலாமா, அண்ணாச்சி?

பதில் 1: வருசம் வாரியாப் பிரிங்க. 1905 வரைக்கும் செம்பு, 6.47 கிராம். 1906 வாக்குல இருந்து தகரமும் துத்தநாகமும் கலந்த வெண்கலம், 4.86 கிராம். பழசுல கிலோவுக்கு 154 காசு நிக்கும். செம்பு கிலோ 800 ரூபாய்னு வச்சாலும் ஒரு காசுக்கு 5 ரூபாய்தான். எழுத்து தேயாததைத் தனியா எடுத்து வைங்க. நகைத் தராசு இல்லாம இதுல இறங்கவே வேண்டாம்.

பதில் 2: புளி போட்டுத் தேய்ச்சிராதீங்க! பழுப்பு நெறம் போனா சேகரிக்கறவன் தொடமாட்டான். கெட்டியான பச்சை இருந்துட்டுப் போகட்டும். மாவு மாதிரி உதிர்ற வெளிர்பச்சைதான் வினை. உப்பும் ஈரமும் சேர்ந்து காசை அரிக்கும். காய்ச்சி வடித்த தண்ணில ஊறப்போட்டு தெனமும் தண்ணி மாத்துங்க, நல்லாக் காயவச்சு காகித உறையில போடுங்க. மெத்துன்னு இருக்குற பிவிசி உறை ஆகாது.

பதில் 3: காந்தத்துல ஒட்டுனா செம்புப் பூச்சு போட்ட இரும்பு. அனுமார் படம் போட்டு ‘1818’, ‘ஒரு அணா’ன்னு இருந்தா கிழக்கிந்தியக் கம்பெனிக் காசே இல்ல. லட்சம் தாரேன், முதல்ல பதிவுக் கட்டணம் கட்டுன்னு போன் வந்தா வச்சிருங்க.