விமர்சனம் எழுதப் போய் மனசில் தங்கிவிட்ட அனுபவம் உண்டா?

தென்றல்_வாசகி

நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஆன்லைனில் ஓடுகிற ஒரு தொடர்கதை. கட்டாயக் கல்யாணம், கூட்டுக் குடும்பம், வழக்கமான ஆன்டி ஹீரோ. 23ஆம் எபியில், அதாவது எபிசோடில், சமையலறையில் வைத்து அவளை அறைகிறான். 24இல் அவள் எழுந்து அவனுக்குக் காபி கலக்குகிறாள். நான் சைலன்ட் ரீடர் இல்லை, முதல் எபியிலிருந்து விடாமல் கமெண்ட் போடுகிறவள். அந்தக் காபியைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. அறை வாங்கிய கன்னம் விடிவதற்குள் ஆறிவிடுமா, டம்ளரை நீட்டும்போது அவள் கை நடுங்கவே இல்லையா என்று ஒரு பக்கத்துக்கு எழுதினேன்.

ராத்திரி 11 மணிக்கு எழுத்தாளரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். பின்னால் குழாய்த் தண்ணீர் விழுகிறது. பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசியிருக்கிறார். "அக்கா, எங்க வீட்ல அடிச்சவர் இன்னிவரைக்கும் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்டதில்ல. என் கதையிலயாவது ஒருத்தன் கேக்கணும்னுதான் இதை ஆரம்பிச்சேன். அவன் கேக்குறது 40ல வருது." அப்புறம் தண்ணீர் நின்றது. பத்து விநாடி பேச்சே இல்லை, அப்படியே முடிந்துவிட்டது.

மூன்று நாளாகிறது, இன்னும் பதில் போடவில்லை. விமர்சனத்தை எடுத்துவிடலாமா? நான் எழுதியதில் ஒரு வரிகூடத் தப்பு இல்லை. ஆனாலும் அந்தக் குழாய்ச் சத்தம் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பழைய_பைண்டிங்

வாடகை நூலகக் காலத்தில் விமர்சனம் புத்தகத்துக்குள்ளேயே இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? எங்கள் தெருமுனை நூலகத்தில் லட்சுமி, ரமணிசந்திரன் என்று தனித்தனி அடுக்கு. 1994, நான் பிளஸ் டூ. நாலு மாத நாவல்களைச் சேர்த்துத் தைத்த ஒரு பைண்டிங் கைக்கு வந்தது. மூன்றாவது கதையில், கடைசி அத்தியாயத்துக்கு முந்தின பக்கத்தில் நீல மையில் யாரோ எழுதியிருந்தார்: "இதோடு நிறுத்திக்கொள்ளவும். அடுத்த பக்கத்தில் சேர்ந்துவிடுவார்கள். சேரக் கூடாது." குண்டு குண்டான கையெழுத்து. 'கூடாது'வுக்குக் கீழே இரண்டு கோடு.

நான் நிறுத்தவில்லை, படித்தேன். சேர்ந்துதான் விட்டார்கள். அவள் படிப்பை அவன் பாதியில் நிறுத்தினானே, அதைப் பற்றி அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது தாங்கவில்லை. பென்சிலால் கீழே "ஆமாம்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். நூலகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. யாராவது குண்டுக் கையெழுத்தில் எதையாவது எழுதித் தந்தால் இன்றைக்கும் ஒரு நிமிஷம் உற்றுப் பார்க்கிறேன்.

நேர்பட_எழுது

தென்றல், எடுக்காதீர்கள். என் அனுபவம் சின்னது. ஒரு எழுத்தாளர் என் விமர்சனத்துக்குக் கீழே "பிடிக்காட்டி படிக்காதீங்க" என்று போட்டார். நான் அவருடைய 31 கதைகளையும் காசு கொடுத்து வாங்கினவள். அவ்வளவுதான்.

அந்த எழுத்தாளர் பட்டது வேதனை, அதை மறுக்கவில்லை. ஆனால் 24ஆம் எபியைப் படிக்கிற மற்றவர்களுக்கு அந்த வாய்ஸ் மெசேஜ் போகாதே. காபி மட்டும்தான் போய்ச் சேரும். குடும்ப வன்முறைச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அடிப்பது மட்டுமில்லை, சொல்லால் அவமானப்படுத்துவது, செலவுக்குப் பணம் தராமல் வைப்பது எல்லாமே அதில் வரும். நம் கதைகளில் எத்தனையில் அதன் பெயர் வருகிறது? பக்கத்து வீட்டு வக்கீல் மாமாகூட "விட்டுக்கொடுத்துப் போம்மா" என்றுதான் சொல்கிறார்.

விமர்சனம் எழுதுகிறவர்களுக்கும் சொல்கிறேன். எபி எண்ணைக் குறிப்பிடுங்கள். "ஹீரோவைப் பிடிக்கவில்லை" என்றால் எழுதினவருக்கு ஒன்றும் புரியாது. எந்த வரியில் அவனை விட்டு விலகினீர்கள் என்று காட்டுங்கள். முடிந்த கதை என்றால் முடிவை உடைக்காதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குழுக்களில் சுற்றவிடாதீர்கள். நல்லதாக ஒன்றைப் பார்த்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், பொய்யாகச் சொல்ல வேண்டாம். அப்புறம், பழைய பைண்டிங், நூலகப் புத்தகத்தில் பேனாவால் எழுதுவது தப்புதான். அடுத்தவர் படிக்க வேண்டிய முடிவை அந்த அம்மா கெடுத்திருக்கிறார்.

தென்றல், அவருக்குப் பதில் எழுதும்போது 181 எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். மகளிர் உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள்.

பட்டுக்கடை_அண்ணன்

காஞ்சிபுரத்தில் பட்டுக்கடையில் 19 வருஷமாக நிற்கிறேன். மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் இந்தக் கதைகள்தான் படிப்பேன். போன மாதம் ஒரு அம்மா போனை நீட்டி, "இந்தப் புடவை எடுங்க" என்றார். பார்த்தால் படம் இல்லை, கதை வரிகள். நானும் படித்த கதை. ஹீரோ வாங்கித் தருகிற எம்.எஸ். ப்ளூ, கோர்வைக் கரை, விலை 3,000.

கோர்வை என்றால் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்வது. குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா மூன்று ஓடும், நெய்கிறவருக்குப் பக்கத்தில் துணைக்கு இன்னொரு ஆள் வேண்டும். 3,000க்கு எங்கே போவது? "கதையில போட்டிருக்கே தம்பி" என்று அதையே சொன்னார். நானும் அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில் அதே நீலத்தில் சில்க் காட்டன் எடுத்துக்கொண்டார்.

கண்ணாடி முன்னால் நின்று தோளில் போட்டுப் பார்த்தவர், "அவன் முந்தானையை எடுத்து அவ கையில கொடுப்பான்ல" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. 60 வயசு இருக்கும். தனியாகத்தான் வந்திருந்தார்.

விலையைத் திருத்தச் சொல்லி எழுத்தாளருக்கு எழுத அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்தேன். புடவை தெரியாமல் புடவையை எழுதக் கூடாது என்பது இப்போதும் என் கட்சி. ஆனால் அன்றைக்கு எழுத வரவில்லை.

தென்றல்_வாசகி

நேர்பட, 181ஐ அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. அதைச் சொன்னதற்கு நன்றி. நீல மை அம்மா விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை, அந்தப் புத்தகம் எனக்குக் கிடைத்திருந்தால் நானும் "ஆமாம்" என்று எழுதியிருப்பேன்.

விமர்சனத்தை எடுக்கவில்லை. கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: "40ஆம் எபிக்குக் காத்திருக்கிறேன்."

இன்று காலை பார்த்தால் 24ஐத் திருத்திப் போட்டிருக்கிறார். காபியை மாமியார் கலக்குகிறார். அவள் அறைக் கதவைத் திறக்கவில்லை.