வாயால் கொடுப்பதா, ஆசனவாயில் வைப்பதா: செரெஞ்சேயில் நான் கண்டது

மலேரியா கண்ட குழந்தைக்கு மருந்தை வாயால் கொடுப்பது, ஆசனவாயில் வைப்பது ஆகிய இரண்டு வழிகளில் எது மேல் என்று சகோதரி ஒருவர் இங்கே கேட்டிருந்தார். சாம்பியாவின் செரெஞ்சே மாவட்டத்துச் சுகாதார நிலையம் ஒன்றில் இரண்டு மழைக்காலங்கள் மருந்தாளுநராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

விழுங்க முடிந்த குழந்தைக்கு மாத்திரைதான். ஆர்ட்டிமீத்தர்–லூமிஃபான்ட்ரின் என்ற மலேரியா கூட்டு மருந்து, மூன்று நாளில் ஆறு வேளை. கொழுப்பு இல்லாமல் லூமிஃபான்ட்ரின் சரியாக உறிஞ்சப்படாது என்பதால் பாலுடனோ நிலக்கடலைக் கஞ்சியுடனோ கொடுக்கச் சொல்வோம்.

ஒரு விடியற்காலையில் மிதிவண்டி ஆம்புலன்சில் வந்த இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு அது உதவியிருக்காது. வலிப்பு கண்டு நினைவிழந்திருந்தாள். தாய் கரண்டியில் கரைத்து ஊட்டிய மருந்து கடைவாய் வழியே வழிந்து சட்டைக் கழுத்தில் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. கிராமத் தன்னார்வலர் ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்தின் 100 மில்லிகிராம் சப்போசிட்டரியை, அதாவது ஆசனவாய்க் குளிகையை, அவளுக்கு உள்ளே வைத்திருக்கிறார். அரை மணி நேரத்துக்குள் அது வெளியே வந்துவிடவே, இன்னொன்றை வைத்து, பிட்டத்தைப் பத்து நிமிடம் சேர்த்துப் பிடித்திருந்து, நேரத்தை நோட்டுத் தாளில் குறித்துக் கொடுத்தனுப்பியிருந்தார். அந்தத் தாளைப் பார்த்தபின்தான் எங்களுக்கு மூச்சு வந்தது. ஊசி மருந்து தொடங்கினோம். வாயைத் திறந்து விழுங்கத் தொடங்கியதும் அதே மாத்திரையை, இம்முறை கஞ்சியில் கலந்து, ஆறு வேளையும் தாயே கொடுத்து முடித்தார்.

ஆகவே இவ்விரண்டையும் போட்டியாளர்களாக நிறுத்துவதே தவறு என்பது என் கருத்து. மலக்குடலில் மருந்து உறிஞ்சப்படும் அளவு குழந்தைக்குக் குழந்தை வெகுவாக மாறுபடும்; ஆறு வயதுக்குட்பட்டோருக்கு, ஊசி கிடைக்கும் இடம் சென்று சேரும்வரை தாக்குப்பிடிக்கத் தரும் ஒற்றை வேளை மருந்துதான் சப்போசிட்டரி. காங்கோ ஜனநாயகக் குடியரசு, நைஜீரியா, உகாண்டா ஆகிய நாடுகளில் 2018 முதல் 2020 வரை நடந்த ஆய்வில் அதனால் மட்டும் உயிரிழப்பு குறையவில்லை என்று தெரியவந்ததால், உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அதன் பயன்பாட்டை விரிவாக்குவதை நிறுத்திவைத்து, 2023-இல் மேல்சிகிச்சை உறுதியாகக் கிடைக்கும் இடங்களுக்கென வழிமுறை வெளியிட்டது.

அந்த முடிவு எனக்கு வியப்பளிக்கவில்லை. வேறோர் ஊரிலிருந்து வந்த சிறுவனுக்கும் சப்போசிட்டரி உரிய நேரத்தில் வைக்கப்பட்டிருந்தது. மறுநாள் காய்ச்சல் இறங்கி, கஞ்சி குடித்து, முற்றத்தில் விளையாடியிருக்கிறான். குணமாகிவிட்டது என்று வீட்டார் பயணத்தைக் கைவிட்டிருந்தார்கள். எங்களிடம் கொண்டுவந்தபோது ஐந்தாம் நாள்.