கருவிழிப் புண் ஆறிவிட்டது, பார்வை தெளியவில்லை

வாஷிக்காரன், செம்பூர், மும்பை:
வாஷி வெங்காய மார்க்கெட்டில் கணக்கு எழுதுகிறேன். மழைக்கு முன்னால் மூட்டை கொட்டும்போது காய்ந்த சருகு வலது கண்ணில் பட்டு, கருவிழியில் பூஞ்சைப் புண் ஆனது. மணிக்கொரு தரம் நாட்டமைசின் சொட்டு, ராத்திரியிலும் அலாரம் வைத்து. இப்போது தொற்று இல்லை, மருந்தை நிறுத்திவிட்டார்கள். ஆனால் நடுவில் வெள்ளைத் தழும்பு. அந்தக் கண்ணால் பார்த்தால் குர்லா ஸ்டேஷன் இண்டிகேட்டரில் 3, 8 எல்லாம் ஒன்றுதான். எந்த பவர் கண்ணாடி போட்டாலும் சரியாகவில்லை. தானாகத் தெளியுமா? பழைய காலத்து மருந்தைப் போட்டதால்தான் தழும்பு என்கிறான் மச்சான். ஸ்டீராய்டு சொட்டு விட்டால் கரையுமாம். வாங்கலாமா?

டோம்பிவிலி பாலா:
டாக்டர் எழுதித் தராமல் ஸ்டீராய்டைத் தொடாதீர்கள். உள்ளே பூஞ்சை மிச்சம் இருந்தால் அதற்குத் தீனி போட்ட மாதிரி. மருந்து பழசு என்பதும் சும்மா பேச்சு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பங்கெடுத்த ஆய்வு ஒன்று 2013-இல் வந்தது. பூஞ்சைப் புண்ணுக்குப் புது மருந்தான வோரிகோனசோல் சொட்டைவிட நாட்டமைசின்தான் நன்றாகக் கேட்டது. புண் ஆழமாக இறங்கினால் எந்த மருந்திலும் தழும்பு விழும்.

சயான் அக்கா:
தம்பி, எனக்கு வந்தது பாக்டீரியா, ஆனால் தழும்பு விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மங்கலுக்குக் காரணம் இரண்டு. வெள்ளைத் தழும்பு வெளிச்சத்தை மறைக்கிறது. கருவிழியின் மேற்பரப்பு மேடுபள்ளமாகி வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. இரண்டாவதைக் கண்ணாடியால் சரிக்கட்ட முடியாது. ஒரு அட்டையில் குண்டூசியால் ஓட்டை போட்டு, நல்ல கண்ணை மூடி, அதன் வழியே காலண்டரைப் பாருங்கள். எழுத்து தெளிந்தால் லென்ஸ் உதவ வாய்ப்பு உண்டு.

நான் போடுவது ஸ்கிளீரல் லென்ஸ் என்கிற பெரிய கான்டாக்ட் லென்ஸ். வெள்ளைவிழி மேல் உட்காரும், அடியில் நிற்கும் சலைன் (சுத்தமான உப்புநீர்) அந்தப் பள்ளங்களை நிரப்பிவிடும். பார்வை 6/36 (மற்றவர் 36 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்கும்) இருந்த கண், லென்ஸோடு 6/9. சும்மா சொல்லக் கூடாது, ஆரம்பத்தில் அழுகையே வந்தது: உள்ளே காற்றுக் குமிழி நுழைந்தால் கழற்றித் திரும்பப் போட வேண்டும். குழாய்த் தண்ணீர் படவே கூடாது, அதிலிருக்கும் அமீபா புதுத் தொற்றைக் கொண்டுவரும். விலையும் கடிக்கும்.

தழும்பு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறும், ஒரு வருஷம்கூட ஆகலாம். அதனால் கருவிழி மாற்று ஆபரேஷனுக்கு அவசரப்பட வேண்டாம்.

வாஷிக்காரன்:
பார்த்தேன் அக்கா. தேதி பளிச்சென்று தெரிகிறது. கீழே ராகுகாலம் போட்ட பொடி எழுத்து மட்டும் வரவில்லை.

சயான் அக்கா:
அப்படியானால் தழும்பு மறைப்பதும் மேடுபள்ளமும் இரண்டும் கலந்திருக்கும். கண்ணாடிக் கடைக்குப் போகாமல் கார்னியா (கருவிழி) டாக்டரிடம் போய், கருவிழியின் மேடுபள்ளத்தைப் படமெடுக்கும் டோபோகிராஃபி எடுக்கலாமா, லென்ஸ் எப்போது பொருத்தலாம் என்று கேளுங்கள். இதற்கிடையில் கண் சிவந்தாலோ வலித்தாலோ வெளிச்சம் கூசினாலோ அன்றைக்கே ஓடுங்கள், மார்க்கெட் லீவுக்குக் காத்திருக்காதீர்கள்.