ஞாயிற்றுக்கிழமை தலைவலி: ஏற்காட்டு மலைதான் காரணமா?

கொலுசுப்பட்டறை:
சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கக் குனிந்த தலை. சாயங்காலமானால் பிடரியிலிருந்து நெற்றி வரை ஈரத் துண்டை முறுக்கிக் கட்டியதுபோல் வலிக்கும். அதை நான் சட்டை செய்வதில்லை, ஒரு மாத்திரையோடு சரி.

தொல்லை ஞாயிற்றுக்கிழமைதான். நாகலூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினால், பஸ் மலையேறி முடிப்பதற்குள் வலது பொட்டு விண்விண்ணென்று தெறிக்கிறது. குமட்டல் வேறு. வெளிச்சம் ஆகாது, குழந்தைகள் சத்தம் ஆகாது. போர்வைக்குள் சுருண்டால் இரவுதான் எழுகிறேன். மலை உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் மாமா. தலையில் நீர் கோத்திருக்கிறது, நொச்சி ஆவி பிடி என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி?

சேர்வராயன்:
எங்கள் மலையை விட்டுவிடுங்கள் ஐயா! ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர்தான். உயரத்தால் வரும் தலைவலி பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலேதான். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கைபேசியைப் பார்த்துக்கொண்டே வந்தால் குமட்டும், அது வேறு கதை.

இங்கே பயப்பட வேண்டியது மார்கழிக் குளிரில் கதவைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பு மூட்டுவதற்குத்தான். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே வந்ததும் தெளிந்தால் அது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவாக இருக்கலாம். உயிரையே எடுத்துவிடும்.

அம்மாபேட்டை மருந்துக்கடை:
தலைவலி மாத்திரை கேட்டு வருபவரிடம் எந்தப் பக்கம் வலிக்கிறது என்று நான் கேட்பதில்லை. இந்த மாதம் எத்தனை நாள் மாத்திரை போட்டீர்கள் என்றுதான் கேட்பேன். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போவார்கள். போகட்டும்.

தம்பி, உங்களுக்கு இருப்பது இரண்டு வலிகள் என்று தோன்றுகிறது. சாயங்காலத்து இறுக்கம் கழுத்துத் தசையும் அலுப்பும் சேர்ந்து தருவது. ஞாயிற்றுக்கிழமை வருவது ஒற்றைத் தலைவலியின் சாயல். நீர் கோத்த வலி என்றால் கெட்டியான சளி, மூக்கடைப்பு, சில நேரம் காய்ச்சல் இருக்கும். அம்மா ஆசைக்கு ஆவி பிடியுங்கள், ஆனால் சுடுநீரில் கவனம்.

இரண்டு கேள்வி. ஞாயிறு காலை என்ன சாப்பிடுகிறீர்கள்? மாத்திரை மாதத்தில் எத்தனை நாள்?

கொலுசுப்பட்டறை:
ஞாயிறு தாமதமாக எழுந்து, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடுவோம். பட்டறையில் நாலைந்து காபி, அன்று ஒன்றுகூட இல்லை. மாத்திரை மாதத்தில் பாதி நாளுக்கு மேல் இருக்கும். காஃபீன் கலந்தது, அதுதான் சீக்கிரம் கேட்கும். இப்போது அதுவும் கேட்பதில்லை.

அம்மாபேட்டை மருந்துக்கடை:
பிறகு மலையைக் குறை சொல்வானேன்? அதிகத் தூக்கம், வெறும் வயிறு, காபி நின்றது, வாரத்து இறுக்கம் சட்டென்று தளர்ந்தது, வளைவுப் பாதை. ஒற்றைத் தலைவலிக்காரருக்கு இதில் ஒன்றே போதும்.

ஆனால் என் கவலை மாத்திரைதான். உங்களுடையதுபோல் காஃபீன் கலந்த கூட்டு மாத்திரை என்றால் மாதத்தில் 10 நாள், வெறும் பாரசிட்டமால் என்றால் 15 நாள், அதுதான் எல்லை. மூன்று மாதங்களுக்கு மேல் இந்த அளவு ஓடினால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். விற்கிற நானே சொல்கிறேன். ஞாயிறும் வழக்கமான நேரத்தில் எழுந்து இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். காபியையும் ஒரேயடியாக நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். வலி வந்த நாளையும் மாத்திரை போட்ட நாளையும் தினசரிக் காலண்டரில் குறித்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். வராமல் தடுக்கவே தனி மருந்துகள் உண்டு. சீட்டு இல்லாமல் என்னிடம் கேட்காதீர்கள்.

இடி விழுந்ததுபோல் நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் இழுப்பு, பேச்சுக் குழறல் என்றால் காலண்டர் வேண்டாம், நேராக அவசரப் பிரிவு. 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலியையும் தள்ளிப்போடக் கூடாது.

இரவுத்தறி:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் அண்ணனுக்கு இரவில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரு கண்ணைச் சுற்றிக் குடைகிறது. அந்தக் கண் மட்டும் சிவந்து நீர் வடிகிறது. படுக்க முடியாமல் கூடத்தில் நடந்துகொண்டே இருக்கிறார். ஒரு மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. இதுவும் ஒற்றைத் தலைவலிதானா?

அம்மாபேட்டை மருந்துக்கடை:
ஒற்றைத் தலைவலிக்காரர் அசையாமல் படுப்பார். உங்கள் அண்ணன் நடக்கிறார். கொத்துக் கொத்தாக வரும் கிளஸ்டர் தலைவலியாக இருக்கலாம். மாத்திரை கரைந்து வேலை செய்வதற்குள் வலியே போய்விடும், அதனால் முகமூடி வழியாக ஆக்சிஜனோ ஊசியோ கொடுப்பார்கள். குடிப்பழக்கம் இருந்தால் இப்போதைக்கு நிறுத்தச் சொல்லுங்கள், அது வலியைக் கிளப்பிவிடும். கண் மருத்துவரையும் பார்க்க வேண்டும். கண் அழுத்தம் திடீரென்று ஏறினாலும் இப்படிச் சிவந்து வலிக்கும். நாளைக்கே அழைத்துப் போங்கள்.