அழுகை வர மாட்டேங்குது, வந்தா நிக்க மாட்டேங்குது

பர்ப்பிள்லைன்_பயணி:
பெங்களூர் அல்சூர்ல ஒரு சின்னத் தமிழ் நாடகக் குழு. ஞாயித்துக்கிழமை காலைல மொட்டைமாடியில ஒத்திகை. எனக்கு மகள் வேஷம். செத்துப்போன அப்பாவோட சட்டையை மடிக்கும்போது பையில அடகுக்கடை ரசீது கிடைக்கும், அப்போ உடைஞ்சு அழணும். டைரக்டர், "உங்க அப்பா போன நாளை நினைச்சுக்கோங்க, முடிஞ்சா அவர் சட்டையையே கொண்டு வாங்க"ன்னார். அப்பா போய் 14 மாசம்தான் ஆகுது.

முதல் வாரம் அழுதேன், எல்லாரும் கைதட்டினாங்க. (அதுவே ஒரு மாதிரி இருந்தது.) மூணாவது வாரம் என்ன நினைச்சும் கண்ணு காய்ஞ்சு கிடந்தது. ஆனா திரும்பிப் போறப்போ ஹலசூருல (அல்சூர் ஸ்டேஷன்தான்) மெட்ரோ ஏறினதும் பொத்துக்கிட்டு வந்துச்சு. இந்திராநகர்ல இறங்க வேண்டியவ பையப்பனஹள்ளி வரைக்கும் போயிட்டேன். பக்கத்துல ஒரு அம்மா "ஏனாய்த்தும்மா"ன்னு (என்னாச்சும்மான்னு) கன்னடத்துல கேட்டு, தண்ணி பாட்டிலை நீட்டினாங்க. வேற வழி இருக்கா, இல்ல நடிப்புன்னா இதுதானா?

சிவாஜிநகர்_பழசு:
அம்மா, முதல்ல அந்தச் சட்டையைப் பீரோவிலேயே வைங்க. உங்க டைரக்டர் சொல்றது அமெரிக்காவுல லீ ஸ்ட்ராஸ்பெர்க்னு ஒரு நடிப்பு ஆசிரியர் வளர்த்த உணர்ச்சி நினைவுப் பயிற்சி. அவரே ஏழு வருஷமாவது பழசான நினைவைத்தான் தொடணும்னு சொல்லுவார். இதுக்கு விதை போட்ட ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியும் பிற்காலத்துல உடல் செயல் பக்கம் போயிட்டார், அதாவது செய்கையைச் சரியாச் செஞ்சா உணர்ச்சி தானா வரும்னு.

இன்னொண்ணு. தொல்காப்பியத்துல உணர்ச்சி உடம்புல தெரியுறதைச் சொல்ற மெய்ப்பாட்டியல்ல அழுகைக்கு நாலு காரணம்: இளிவு (இகழப்படுறது), இழவு (இழப்பு), அசைவு (பழைய நிலை கெட்டு வருந்துறது), வறுமை. உங்க காட்சியில அழ வைக்கிறது ரசீது. அது வறுமை. நீங்க இழவை அழுதுக்கிட்டு இருக்கீங்க.

நரம்பு_நாராயணி:
நான் உடலியங்கியல் பாடம் எடுக்கிறவ. சுசானா பிளாக்னு சிலி நாட்டு நரம்பியலாளர், 1970-கள்ல ஒரு நாடக இயக்குநரோட சேர்ந்து, உணர்ச்சி வரும்போது மூச்சு, முகம், உடல் நிலை எப்படி மாறுதுன்னு பார்த்தார். அதுல பிறந்த பயிற்சிக்கு ஆல்பா எமோட்டிங் (Alba Emoting)னு பேர். சோகத்துக்கு: மூக்கால விட்டுவிட்டுச் சின்னச் சின்னதா மூச்சை இழுத்து, வாயால நீளமா விடணும். தோள் தளர்ந்து, பார்வை கீழே. நினைவைக் கிளறவே வேண்டாம்.

எனக்கு இதுல முக்கியமாப் படுறது வெளியே வர்ற வழி. எழுந்து நின்னு மெதுவா, சீரா மூச்சு விட்டு, முகத்தைக் கையால தேய்ச்சு, நிக்கிற நிலையை மாத்திடணும். உங்களை உள்ளே போகச் சொன்னவங்க வெளியே வர்ற கதவு எங்கே இருக்குன்னு காட்டலை. அதான் மெட்ரோவுல திறந்துச்சு.

சந்தேகப்_பிராணி:
கொஞ்சம் பொறுங்க. முகத்தை மாத்தினா உணர்ச்சி வருமாங்கிறதே உறுதியில்லை. பல்லுல பேனாவைக் கடிச்சா முகம் சிரிக்கிற மாதிரி ஆகும், அதனால கார்ட்டூன் கூடுதலாச் சிரிப்பா இருக்கும்னு 1988-ல ஒரு சோதனை. 2016-ல 17 ஆய்வகங்கள்ல திரும்பச் செஞ்சப்போ அந்த விளைவு கிடைக்கலை. 2022-ல பல நாடுகள்ல செஞ்ச பெரிய ஆய்வுல, சிரிச்ச முகத்தைப் பார்த்து அப்படியே செஞ்சா சந்தோஷம் கொஞ்சம் கூடுதுன்னு வந்தது. கொஞ்சம்தான். மூச்சை மாத்தினா உடனே கண்ணீர் கொட்டும்னு நம்பிப் போகாதீங்க.

நரம்பு_நாராயணி:
சரிதான். ஆனா அவங்களுக்கு உணர்ச்சி நிஜமா வரணும்னு இல்லையே. கடைசி வரிசைக்குத் தெரிஞ்சாப் போதும்.

பர்ப்பிள்லைன்_பயணி:
பாத்ரூம்ல மூச்சுப் பயிற்சி செஞ்சு பார்த்தேன். வீட்டுக்காரர் கதவைத் தட்டி "ஜலதோஷமா?"ன்னு கேட்டார். கண்ணீர் வரலை, ஆனா தொண்டை தானா கம்மிடுச்சு. இந்த ஞாயிறு அப்பாவை நினைக்காம, ரசீதுல இருக்கிற தொகையை மட்டும் ரெண்டு தடவை படிச்சேன். குரல் உடைஞ்சது. முடிஞ்சதும் முகத்தைத் தேய்ச்சுக்கிட்டு, டீ குடிச்சிட்டு, இந்திராநகர்லயே இறங்கிட்டேன்.

டைரக்டருக்கு இன்னும் பாதி மனசுதான். அப்பா சட்டையைத் தரமாட்டேன்னு சொல்லிட்டேன். அல்சூர் பக்கம் யார்கிட்டயாவது 42 சைஸ்ல, பை வெச்ச பழைய வெள்ளைச் சட்டை இருந்தாச் சொல்லுங்க.