மறுபடியும் இரண்டு கோடு: யாரிடம், எப்படிச் சொன்னீர்கள்?

பாதித்தூக்கம்

பத்து நாளாக மனதில் அரித்துக்கொண்டே இருக்கிறது, இங்கே கொட்டிவிடுகிறேன். பெரியவளுக்கு (பெரியவள் என்று எழுதவே சிரிப்பு வருகிறது) 14 மாதம். இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள். பிரசவத்துக்குப் பிறகு எனக்கு பீரியட்ஸ் ஒரு முறைகூட வரவில்லை. அதனால் நாள் தள்ளிப்போகிறதே என்று சந்தேகப்பட என்னிடம் நாளே இல்லை. அசதி, எரிச்சல், பால் கொடுக்கும்போது காம்பில் வலி, எல்லாவற்றுக்கும் தூக்கமின்மைதான் காரணம் என்று நினைத்திருந்தேன். பல் துலக்கும்போது குமட்டியதும்தான் பொறி தட்டியது.

முதல் தடவை கர்ப்ப டெஸ்ட் கிட்டைத் துணியில் சுற்றி, ஒரு சின்ன டப்பாவில் வைத்து, அவர் வேலை முடிந்து வரும்வரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திறந்து பார்த்துவிட்டு அழுதார். இந்தத் தடவை நான் கழிவறைக்குள்ளே. அவர் கதவுக்கு வெளியே வாஷ்பேசினில் பெரியவளைக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

"ரெண்டு கோடு வந்திருக்கு."

"எதுல?"

"கிட்லதான்."

தண்ணீர் சத்தம் நின்றது. ஒரு பத்து விநாடி இருக்கும். அப்புறம், "சரி, அந்தத் துண்டை எடு."

அவ்வளவுதான். எடுத்துக் கொடுத்தேன். அவளைத் துடைத்தோம், டயப்பர் மாட்டினோம், ராத்திரி அவள் தூங்கிய பிறகுதான் பேசினோம். அதுவும் எந்த மாதம் பிறக்கும், யார் லீவு எடுப்பது என்கிற கணக்குதான். சண்டை எதுவும் இல்லை, அவர் நல்லவர்தான். ஆனால் இந்தக் குழந்தை வந்திருக்கிறது என்று சொன்னதற்குக் கிடைத்த முதல் பதில் ஒரு துண்டு. நினைத்தால் தொண்டையை அடைக்கிறது. உங்களுக்கெல்லாம் இரண்டாவது எப்படித் தெரிந்தது?


குப்பைக்கூடை

"எதுல?" என்று படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

நான் டெஸ்ட் பண்ணியது சாயங்காலம், நாள் முழுக்கத் தண்ணீராகக் குடித்துவிட்டு. ஒரே கோடு. ஏமாற்றமா நிம்மதியா என்று எனக்கே பிடிபடவில்லை, தூக்கிப் போட்டுவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பெரியவன் தண்ணீர் கேட்டு எழுப்பினான். கொடுத்துவிட்டுப் படுக்காமல் போய்க் குப்பைக்கூடையைக் கிளறினேன். ஏன் என்று கேட்காதீர்கள். செல்போன் டார்ச்சில் பார்த்தால் இரண்டாவது கோடு, நரைமுடி மாதிரி. இப்படித் திருப்பினால் இருக்கிறது, அப்படித் திருப்பினால் இல்லை.

பின்னால் ஆள் நிற்பது போலிருந்தது. மாமியார். என் கையில் கிட், காலடியில் குப்பை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து சிதறியதையெல்லாம் அள்ளிக் கூடையில் போட்டார். "நாளையிலேர்ந்து தண்ணிக் குடத்தை நீ தூக்காதே" என்றார், போய்ப் படுத்துவிட்டார். கணவருக்குச் சொன்னது இரண்டு நாள் கழித்து. தன் அம்மாவுக்கு முதலில் தெரிந்தது என்ற கோபம் அவருக்கு இன்றைக்கும் உண்டு.


கணக்குப்பிள்ளை

என் கதை சின்னது. ஆபீஸ் கழிவறையில் பார்த்தேன், மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது, கிட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

ஆனால் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். குப்பைக்கூடை, கிட்டின் உறையில் போட்டிருக்கும் நேரத்துக்குள்தான் கோட்டைப் பார்க்க வேண்டும், அது சில நிமிடம்தான். அதற்கு மேல் மங்கலாகத் தெரிவது சிறுநீர் காய்ந்த தடமாகவும் இருக்கலாம், அதை நம்பக் கூடாது. கிட் கண்டுபிடிப்பது எச்சிஜி என்கிற கர்ப்ப ஹார்மோனை, அது ஆரம்பத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அதனால் இரண்டு நாள் பொறுத்து, காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் பார்ப்பதுதான் சரி.

பாதித்தூக்கம், பால் கொடுத்தால் உண்டாகாது என்பதைப் பலர் பாதிதான் காதில் வாங்கியிருக்கிறார்கள். குழந்தைக்கு 6 மாதம் முடிந்திருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும், பீரியட்ஸ் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. கருமுட்டை முதலில் வெளிவரும், பீரியட்ஸ் அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான். அந்த முதல் முட்டையிலேயே உண்டாகிவிட்டால் பீரியட்ஸைப் பார்க்காமலே அடுத்தது. உங்களிடம் கடைசித் தேதி இல்லாததால் 40 வாரக் கணக்கைக் காலண்டரில் போட முடியாது, சீக்கிரம் ஸ்கேன் எடுங்கள். முதலாவது சிசேரியன் என்றால் கரு பழைய தழும்பில் ஒட்டியிருக்கிறதா என்றும் அதிலேயே பார்த்துவிடலாம். பிரசவத்துக்கும் அடுத்துக் கருத்தரிப்பதற்கும் நடுவில் 24 மாதமாவது விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்களுக்கு அவ்வளவு இடைவெளி இல்லை, பயப்பட வேண்டாம், டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃபோலிக் ஆசிட் தினமும் 400 மைக்ரோகிராம், 12 வாரம் வரை. உங்கள் ரத்தம் நெகட்டிவா? ஆமாம் என்றால், பெரியவளுக்கு பாசிட்டிவாக இருந்ததா, பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் உங்களுக்கு ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று பழைய ஃபைலைத் தேடுங்கள். குழந்தையின் பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிராக நம் உடம்பில் எதிர்ப்பொருள் உண்டாகாமல் தடுக்கத்தான் அந்த ஊசி. அந்த எதிர்ப்பொருள் முதல் குழந்தையைப் பெரும்பாலும் தொடாது, அடுத்ததைத்தான் பாதிக்கும். அப்போது போட்டிருந்தாலும் இந்தத் தடவை 28 வாரத்தை ஒட்டி மறுபடி போடச் சொல்வார்கள்.

கடைசியாக, 12 வாரம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடாதீர்கள். முக்கியமாகப் பெரிய குழந்தைகளிடம். அதுகள் வாயில் எதுவும் நிற்காது.


குப்பைக்கூடை

அந்த நம்பக் கூடாத கோட்டுக்கு இப்போது 6 வயது. எதிரில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டேன், அந்த அளவுக்கு எனக்கும் தெரியும். ஒருத்தி துண்டை நினைத்து அழுகிறாள், நீங்கள் அவளிடம் ரத்த குரூப் கேட்கிறீர்கள்.


ரகசியம்

கணக்குப்பிள்ளைக்கு, அந்த 12 வாரத்தைப் பற்றி.

என் பெரியவளுக்கு அப்போது 4 வயது. 7 வாரத்தில் அவளிடம் சொன்னோம், யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. மறுநாள் பள்ளி வாசலில் வாட்ச்மேனில் ஆரம்பித்து ஒவ்வொருவரிடமும் போய், "எங்க அம்மா வயித்துல பாப்பா இருக்கு, ஆனா அது ரகசியம்" என்றாள். வகுப்பு டீச்சர் தூரத்திலிருந்தே என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக் காட்டிச் சிரித்தார்.

9 வாரத்தில் ஸ்கேனில் துடிப்பு இல்லை. நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்கு இப்படி ஆகிறது, நீங்கள் எதுவும் தப்பாகச் செய்யவில்லை என்றார் டாக்டர். நீங்கள் சொல்லாதே என்பது இதற்குத்தானே? ஆனால் அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்திருந்ததால்தான் பக்கத்து வீட்டுப் பெண் எதுவும் கேட்காமல் பள்ளிக்குப் போய் இவளை அழைத்து வந்தாள். தெரியாமல் இருந்திருந்தால் அந்தக் கோலத்தில் படுத்துக்கொண்டு நான் என்ன பொய் சொல்லியிருப்பேன்? தலைவலி என்றா?

வந்தவள் என் வயிற்றில் கையை வைத்து, "இப்ப பாப்பா ரகசியம் இல்லையா?" என்றாள். "இல்லடா" என்றேன். அதை அவள் என்னவென்று எடுத்துக்கொண்டாளோ.

அடுத்த வருடம் மறுபடி உண்டானபோது 5 வாரத்திலேயே அவளிடம் சொன்னேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்றெல்லாம் இந்தத் தடவை சொல்லவில்லை. சொல்லட்டும் என்றுதான் இருந்தேன். அவள் யாரிடமும் சொல்லவில்லை. வயிறு தெரிந்து டீச்சரே கேட்டபோதும், "எனக்குத் தெரியாது" என்றாளாம்.


கணக்குப்பிள்ளை

மன்னித்துவிடுங்கள், நான் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை. எனக்குச் சொல்லாமல் இருந்ததுதான் நிம்மதியாக இருந்தது, அதை எல்லாருக்கும் சட்டமாகப் போட்டுவிட்டேன். ஒன்றே ஒன்று. கரு கலைந்தாலும், ரத்தம் நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி தேவைப்படலாம். அப்போது பார்த்தார்களா?


ரகசியம்

பாசிட்டிவ். நன்றி.


வராண்டா

துண்டு கேட்டவர் கட்சி நான்.

முதல் பிரசவத்தில் பையன் பிறந்த பிறகு மனைவிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. பையனைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வெளியே ஓடினார், செருப்பு இல்லாமல். அன்றைய நாளில் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருப்பது அந்த வெறுங்கால் சத்தம் மட்டும்தான். நாற்பது நிமிடம் அந்த வராண்டாவில் நின்றேன். அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது. பையனுக்கு 3 வயது முடியப்போகிறது.

போன மாதம் மனைவி சிரித்துக்கொண்டே வந்து கிட்டை நீட்டினாள். என் காதில் அந்தக் கால் சத்தம். "அப்படியா" என்றேன். சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ரொம்ப நாளாக ஓடாமல் கிடந்த மேசை மின்விசிறியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாததில் நியாயம் இருக்கிறது.

டாக்டரிடம் போனபோது அவள் முன்னாலேயே கேட்டேன், போன தடவை மாதிரி ஆகுமா என்று. ஒருமுறை அப்படி ஆனவர்களுக்கு மறுபடி ஆக மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம், ரத்தம் தயாராக இருக்கும் பெரிய மருத்துவமனையில்தான் பிரசவம் வைத்துக்கொள்ள வேண்டும், ஹீமோகுளோபினை இப்போதிருந்தே ஏற்ற வேண்டும் என்றார். வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: "இதையா மனசுல வச்சிருந்தீங்க?" அவளுக்கு அந்த நாற்பது நிமிடம் தெரியவே தெரியாது. மயக்கத்தில் இருந்தவள். மூன்று வருடமாக நானும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னேன்.

மின்விசிறி இன்னும் ஓடவில்லை. ஒரு திருகாணி மிச்சம் இருக்கிறது.


மூட்டை

எல்லாரும் கணவன் மனைவி கதை சொல்கிறீர்கள். கணவரிடம் சொன்னதில் எனக்கு ஒரு சிக்கலும் இல்லை, அந்தக் கிட்டை அவரேதான் வாங்கி வந்தார். என்னை உறுத்துவது அக்காவிடம் சொன்னது.

அக்கா எட்டு வருடமாகக் காத்திருக்கிறாள். என் பெரியவனுக்குச் சின்னதாகிப்போன சட்டைகளை அவ்வப்போது மூட்டையாகக் கட்டி அவளிடம்தான் கொடுத்துவந்தேன். அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நானாகத்தான், "உனக்கு ஆகும், வச்சுக்கோ" என்று. ஆறுதல் சொல்வதாக நினைப்பு எனக்கு. மூன்றாவது ஐவிஎஃப்பும் தங்கவில்லை என்று தெரிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, எனக்கு நாள் தள்ளிப்போய்விட்டது.

இரண்டு தடவை போன் செய்து வேறு எதையோ பேசிவிட்டு வைத்தேன். கடைசியில் செய்தியாக அனுப்பினேன். நேரில் சொன்னால் எனக்காகச் சிரித்தாக வேண்டுமே, அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று எனக்கே ஒரு சமாதானம். உண்மையில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. டைப் செய்கிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது, நின்றது. வந்தது ஒரு பூப்படம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தாள். கையில் மூட்டை. "இனி உனக்கு வேணுமில்ல" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், பெரியவனோடு விளையாடினாள், சாப்பிட்டாள், போனாள். ராத்திரி மூட்டையைப் பிரித்தேன். ஒவ்வொரு சட்டையும் இஸ்திரி போட்டு, மாதவாரியாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்கின் மேலும் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு. 0-3, 3-6, 6-12. நான் கொடுத்தபோது துவைத்து அப்படியே சுருட்டித்தான் கொடுத்தேன், இஸ்திரியெல்லாம் போடவில்லை. சீட்டின் ஓரங்கள் பழுத்துப்போயிருந்தன.


நல்லதே நினைப்பேன்

மூட்டை, மனதைப் பிசைந்துவிட்டது. அக்காவிடம் தத்தெடுப்பது பற்றிப் பக்குவமாகப் பேசிப் பாருங்களேன். இல்லையென்றால் வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்து வாங்கலாம். மன அழுத்தம் குறைந்தாலே சிலருக்குத் தானாக நடந்துவிடும் என்பார்கள்.


மூட்டை

வேண்டாம் சார். "உனக்கு ஆகும்" என்று நான் சொன்னதே போதும்.


பாதித்தூக்கம்

எல்லாருடையதையும் படித்தேன், இரண்டு தடவை. பதில் எழுதத்தான் கை வரவில்லை.

இன்று ஸ்கேன். 9 வாரம், துடிப்பு நன்றாக இருக்கிறது. கணக்குப்பிள்ளை, நான் ஓ பாசிட்டிவ், முதலாவது சுகப்பிரசவம், ஃபோலிக் ஆசிட் போட்டுக்கொள்கிறேன், நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். பெரியவளுக்குப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டுமா என்று கேட்டேன். ஒரு பிரச்சினையும் இல்லாதவரை நிறுத்த வேண்டியதில்லை, நாலைந்து மாதத்தில் பால் தானாகக் குறையும், ருசியும் மாறும், அவளே விட்டாலும் விட்டுவிடுவாள் என்றார் டாக்டர்.

ராத்திரி இதையெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டினேன். முதலில் வராண்டா எழுதியதை. ஒன்றும் சொல்லவில்லை, கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். பிறகு நான் எழுதியதைப் படித்தேன். துண்டு வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் துண்டு கேட்கவே இல்லையாம். "இவ வழுக்குறா, சீக்கிரம் வா, எனக்குக் கை நடுங்குது" என்றுதான் சொன்னாராம். தண்ணீர் சத்தத்தில் எனக்குத்தான் சரியாகக் காதில் விழவில்லையாம்.

தண்ணீரை அதற்கு முன்பே நிறுத்திவிட்டார். துண்டுதான் கேட்டார்.