பெரிய வீடு குழுவில் கிறிஸ்துமஸ் கணக்கு

டிசம்பர் 14, ஞாயிறு

அருள் (இரவு 7:40): கிறிஸ்துமஸ் கணக்கு போட்டாச்சு. துணிமணி 18,000, பலகாரச் சாமான் 5,000, கேக் 2,400, சீரியல் லைட் 3,000, வெடி 2,000. மொத்தம் 30,400. அண்ணன் சரி என்றால் வசூலை ஆரம்பிக்கலாம்.

செல்வி: லைட் எதற்கு? போன வருஷத்தது பரணில் கிடக்கிறது.

அருள்: எலி கடித்துவிட்டது.

செல்வி: ஒரு சரத்தைத்தான் கடித்தது. மற்றதை நான் பத்திரமாகச் சுற்றி வைத்திருக்கிறேன்.

சேவியர்: வாடைக்காற்று ஓயவில்லை, கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது, படகு கட்டிக் கிடக்கிறது. வசூல் என்ற வார்த்தையைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லு தம்பி.

பிரிட்டோ (குவைத்): அப்பா, நான் 15,000 போடுகிறேன். ஆனால் இந்த வருஷம் வேறு மாதிரி செய்வோம். ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி, சேலை கொடுப்போம். பஸ் நிறுத்தத்தில் நம் குடும்பத்தின் பெயரில் ஒரு பிளக்ஸ். போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், இங்கே பசங்களிடம் காட்ட வேண்டும்.

ஜெனிபர்: அண்ணே, பிளக்ஸில் உன் படம் வலது ஓரமா, இடது ஓரமா? 😄

பிரிட்டோ (குவைத்): கிண்டல் பண்ணாதே. நல்ல காரியம் நாலு பேருக்குத் தெரிந்தால்தான் இன்னும் நாலு பேர் செய்வார்கள். "உங்கள் ஒளி மனிதர் முன் ஒளிர்க" என்று பைபிளிலேயே இருக்கிறது. மத்தேயு 5:16.

ரீட்டா: வசனம் சரிதான் தம்பி. அதை முழுசாகப் படி. பார்க்கிறவர்கள் விண்ணகத் தந்தையைப் போற்ற வேண்டும் என்று முடிகிறது, பிரிட்டோவைப் போற்ற என்று இல்லை. அப்படியே அடுத்த அதிகாரத்துக்கும் போ. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்று அதே மலைமேல் அதே வாயால்தான் சொன்னார்.

பிரிட்டோ (குவைத்): மறைக்கல்வி டீச்சரிடம் வசனம் பேசினது என் தப்பு அத்தை 🙏

ரீட்டா: உன் மனசு நல்ல மனசு, அதைக் குறை சொல்லவில்லை. யாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்று மட்டும் யோசி. கிணற்றடி வீட்டுப் பெண்ணை எடுத்துக்கொள். புருஷன் படகோடு பிடிபட்டு அக்கரையில், இலங்கையில் இருக்கிறான். கடல்பாசி எடுத்துப் பிழைத்தாள், இந்தக் காற்றில் கடலில் இறங்க முடியுமா? பக்கத்து வீட்டார் கூடுகிற அன்பியம் ஜெபத்துக்கு வந்தால் வாசல் பக்கமாக உட்கார்ந்து, டீ கொடுப்பதற்கு முன்பே எழுந்து போய்விடுகிறாள். அவளைக் கூப்பிட்டு அரிசிப் பையோடு கேமரா முன்னால் நிற்கச் சொன்னால் வருவாளா? அரிசிக்கும் வர மாட்டாள், அப்புறம் ஜெபத்துக்கும் வர மாட்டாள்.

செல்வி: வர மாட்டாள் மதினி. அன்றைக்குக் குழம்பு கொடுத்தனுப்பினேன். கிண்ணத்தைச் சும்மா திருப்பித் தரக் கூடாதென்று முருங்கைக் கீரை போட்டுக் கொடுத்துவிட்டாள்.

ரீட்டா: அதைத்தான் சொல்கிறேன். இந்த வாரம் பிள்ளைகளுக்கு ரூத்து கதை சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு ஏன் ரூத்து என்று கேட்டார்கள். கதை நடந்ததே பெத்லகேமில்தான். அவள் வேற்று நாட்டுக்காரி, மோவாபு தேசம். புருஷன் செத்துவிட்டான், மாமியாரை விடாமல் கூடவே வந்தவள். அறுவடை நேரத்தில் பின்னாலேயே போய், சிந்தின கதிரைப் பொறுக்கினாள். வயல் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் என்று லேவியர் 19-ல் சட்டமே இருக்கிறது. வயல்காரர் போவாசு அதற்கு மேலும் ஒன்று செய்தார். கட்டிலிருந்து வேண்டுமென்றே கதிரை உருவிக் கீழே போடுங்கள், அவள் எடுத்தால் அதட்டாதீர்கள் என்று வேலையாட்களிடம் சொல்லிவிட்டார். அவளுக்கு அது தெரியாது. தன் உழைப்பில் பொறுக்கினதாகத்தான் வீட்டுக்குக் கொண்டு போனாள்.

ரீட்டா: அந்த ரூத்தின் பேரன் மகன்தான் தாவீது. மத்தேயு முதல் அதிகாரத்தில் இயேசுவின் தலைமுறை அட்டவணையில் அவள் பெயர் இருக்கிறது. கோயிலில் வாசிக்கும்போது நாம் கொட்டாவி விடுகிற பகுதி.

அருள்: என்னைப் பார்த்துத்தானே அக்கா சொன்னாய்.

சேவியர்: நம் அப்பா காலத்தில் கரையில் இப்படித்தான் இருந்தது. வலை தட்டும்போது நாலு மீன் தெறித்து மணலில் விழும். விழுந்ததை யாரும் குனிந்து எடுக்க மாட்டார்கள். அங்கே கூடையோடு நிற்கிறவர்களுக்கு அது. சில நேரம் மீன் தானாகத் தெறித்ததா, அப்பா கை தெறிக்கவிட்டதா என்று எனக்கே தெரியாது.

ஜெனிபர்: அப்பத்தா எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறது. குரல் பதிவு போடு என்றால் போனைப் பார்த்து வெட்கப்படுகிறது. சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணுகிறேன்.

ஜெனிபர்: "64-ல் எனக்கு எட்டு வயது. டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியில் தண்ணீர் ஏறியது. பாம்பனில் இருந்து வந்த ரயிலே போய்விட்டது, குடிசை எம்மாத்திரம். மூன்றாம் நாள் கிறிஸ்துமஸ். எங்களுக்கு அது கிறிஸ்துமஸ் என்றே ஞாபகம் இல்லை. ராமேஸ்வரத்தில் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு துலுக்க வீட்டு அம்மா கஞ்சி கொண்டு வந்தாள். என் பாவாடை கிழிந்திருந்தது. எல்லார் முன்னாலும் ஒன்றும் கேட்கவில்லை. கஞ்சிச் சட்டியை எடுக்கச் சொல்லி என்னை உள்ளே கூட்டிப்போய், தன் மகள் பாவாடையை உடுத்திவிட்டு, சட்டியைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பினாள். பச்சைப் பாவாடை, இடுப்பு பெரிசு, நாடாவை இரண்டு சுற்று சுற்றிக் கட்டினாள்."

ஜெனிபர்: "அவளுக்கு நான் எதைத் திருப்பிக் கொடுத்தேன்? பெயர்கூடக் கேட்கவில்லை. அதனால் கையில் இருப்பதைப் பக்கத்தில் இருக்கிறவளுக்குக் கொடுக்க வேண்டியதுதான். அது தர்மம் இல்லை, பழைய பாக்கி. பிரிட்டோவிடம் சொல்லு, பிளக்ஸில் என் படத்தைப் போட்டால் கிழித்துவிடுவேன்."

பிரிட்டோ (குவைத்): அப்பத்தா ❤️ பிளக்ஸ் ரத்து.

பிரிட்டோ (குவைத்): தனுஷ்கோடியில் அந்த இடிந்த கோயில் முன்னால் நின்று நான் செல்பி எடுத்திருக்கிறேன். அப்பத்தா இதை ஒரு நாளும் சொன்னதில்லை.

செல்வி: எங்களுக்கும்தான். சரி, இப்போது என்ன செய்வது? அவள் கையில் பணமாகக் கொடுக்க முடியாது.

அருள்: பாய் கடையில் அவளுக்குப் பற்று இருக்கும். அதைக் கட்டிவிட்டால்?

ரீட்டா: இதற்குத்தான் உன்னைப் பெற்றார்கள் தம்பி 👏 பாயிடம் பெயர் சொல்ல வேண்டாம் என்று சொல்லு.

டிசம்பர் 15, திங்கள்

அருள் (காலை 11:05): போய் வந்தேன். 7,000-க்கு மேல் இருந்ததாம், போன வாரமே யாரோ வந்து கொஞ்சம் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மீதி 4,800. யார் என்று கேட்டால் பாய் சிரிக்கிறார், சொல்ல மாட்டேன் என்கிறார். நம்முடையதையும் கட்டிவிட்டேன்.

ஜெனிபர்: பெரியப்பா???

சேவியர்: நான் இல்லை. படகு கட்டிக் கிடக்கிறது என்று நேற்றே சொன்னேன்.

ஜெனிபர்: ரொம்ப வேகமாகப் பதில் வருகிறது 🤔

பிரிட்டோ (குவைத்): என் பணத்தில் 10,200 இருக்கிறது. அடுத்து யார்?

ரீட்டா: கேட்டதால் சொல்கிறேன், அண்ணன் கோபிக்கக் கூடாது. நம் படகில் போகிற பையன்கள் வேலை இல்லாமல் இருக்கிறார்கள். வாங்கின முன்பணத்தைக் காற்று விட்டதும் பங்கில் பிடிப்பீர்கள். போவாசும் முதலாளிதான். வயலுக்குள் வந்ததும் வேலையாட்களைப் பார்த்து "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார்.

சேவியர்: சுற்றிச் சுற்றி என் வாசலுக்கே வந்துவிட்டாய்.

சேவியர் (மதியம் 1:30): யோசித்தேன். பிரிட்டோ பணத்தை அவர்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறேன். ஜனவரியில் முன்பணம் பிடிக்கவில்லை. பிப்ரவரியில் பார்ப்போம். டீசல் விலையையும் ரீட்டா கொஞ்சம் பைபிளில் தேடிச் சொல்லட்டும்.

ரீட்டா: 😂 சரி அண்ணே. இது போதும்.

செல்வி: இங்கே சின்னவன் கதையைக் கேளுங்கள். ஒரு நல்ல காரியத்துக்கு ஒரு வைக்கோல், 24 ராத்திரி வரை குடில் தொட்டிலில் சேர்க்க வேண்டும், அதன் மேல்தான் குழந்தை இயேசு படுப்பார் என்று மதினி சொல்லிக் கொடுத்தார்கள். தொட்டில் நிறைந்து வழிகிறது. என்ன செய்தாய் என்றால், "அக்காவை அடிக்க நினைத்தேன், அடிக்கவில்லை" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வைக்கோல்.

ஜெனிபர்: அடித்த நாளுக்கு எடுக்கச் சொல்லுங்கள். தொட்டில் காலியாகிவிடும்.

அருள்: வெடியைக் கணக்கில் இருந்து எடுத்துவிட்டேன். லைட்டையும் எடுத்துவிட்டேன். கேக் இருக்கட்டும், அதில் கை வைக்காதீர்கள்.

செல்வி: அச்சு முறுக்கு அச்சு யார் வீட்டில் இருக்கிறது?

ரீட்டா: என் வீட்டில். சனிக்கிழமை காலையில் எடுத்து வருகிறேன். வெள்ளி ராத்திரியே அரிசி ஊற வை. கிணற்றடி வீட்டுப் பெண்ணையும் சுடக் கூப்பிடு. அவள் கைக்கு அச்சில் ஒட்டாமல் வரும், நமக்கு என்றைக்கு வந்தது?